கூடினால் குறையும் குறி

எண்களுக்கும் இலக்கணம் உண்டு என்று வகுப்பறையில் சொன்னால் மாணவர் நகைப்பர். ஒன்றுக்குப் பின் இரண்டு, ஒன்பதுக்குப் பின் பத்து. இதில் இலக்கணத்திற்கு என்ன வேலை என்று கேட்பர். கணக்காசிரியரும் அவர்கள் பக்கமே நிற்பார். ஆயினும், மென்பொருள் கட்டும் தொழிலில் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, எண்ணைப்போல் ஏமாற்றும் எழுத்து வேறில்லை என்றே தோன்றுகிறது. அதிலும், ஒரு மென்பொருள் முழுமை பெறுவதற்குமுன் அதற்கு இடப்படும் எண் இருக்கிறதே, அது பொல்லாதது. அத்தகைய எண் ஒன்றினால், 2018ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்தில் பன்னிரண்டு நூல்கள் அலமாரியில் இருந்தும் இல்லாதனவாயின. தமிழாசிரியர்கள் படிக்கும் தொகுப்பில் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம், பொறியாளர்க்கு விளக்க நான் பட்ட பாடு, தமிழிலக்கணம் கற்றவர்க்கு வேண்டியிராது என்ற நம்பிக்கையே.

மென்பொருளை எழுதுபவர் ஒருவர். அது பிறர் கணினியில் சென்று ஒழுங்காய் அமரும்படி மூட்டை கட்டித் தருபவர் மற்றொருவர். நான் இரண்டாம் இனத்தவன். இம்மூட்டையைப் பொதி என்போம். பொதிக்குள் நிரல் இருக்கும். அந்நிரல் இயங்குவதற்கு வேண்டிய பிற பொதிகளின் பட்டியல் இருக்கும். பொதியின் பெயரும் பதிப்பெண்ணும் முகப்பில் இருக்கும். லினக்ஸ் குடும்பத்துக் கணினிகளில் பொதி மேலாளர் என்றொரு நிரல் காவல்காரனைப்போல் அமர்ந்திருக்கிறது. தன்னிடம் இருக்கும் பொதியின் எண்ணையும் தொலைவிலுள்ள களஞ்சியத்துப் பொதியின் எண்ணையும் அது ஒப்பிடும். களஞ்சியத்து எண் பெரிதாயின் அதைக் கொணர்ந்து நிறுவும், இல்லையாயின் வாளாவிருக்கும். எது பிந்தி எழுதப்பட்டது, எது பிழை குறைந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதன் உலகில் எண் ஒன்றே சான்று.

அந்த எண்ணும் கணக்காசிரியர் அறிந்த எண் அன்று. பதின்மக் கணக்கில் 1.9 என்பது 1.10ஐவிடப் பெரிது. பதிப்பெண்ணிலோ 1.10 தான் பெரிது. முதல் இயலின் ஒன்பதாம் பகுதிக்குப் பின் பத்தாம் பகுதி வருவதுபோல் என்று கொள்க. இதனை எல்லாரும் ஒருநாளில் கற்றுவிடுகிறார்கள். இடர் அதற்கப்பால் இருக்கிறது.

நூல் அச்சிட்டவர்கள் மெய்ப்புப்படியை அறிவார்கள். அச்சேறும் முன் பிழை திருத்துவதற்காகச் சிலரிடம் மட்டும் தரப்படும் படி அது. மென்பொருளுக்கும் மெய்ப்பு உண்டு. முதலில் ஆல்பா, பின்னர் பீட்டா, இறுதியில் 'ரிலீஸ் கேண்டிடேட்' எனப்படும் நிலை. பிழை ஒன்றும் தென்படாவிட்டால் இதுவே இறுதி வெளியீடாகும் என்னும் நம்பிக்கையோடு தரப்படுவது. ஆர், சி என்னும் இரண்டு எழுத்துகளால் அதனைக் குறிப்பர். 1.4 என்னும் பதிப்பு வருமுன் 1.4ஆர்சி1, 1.4ஆர்சி2 என்பன வரும். மனிதர் படித்தால் இதில் ஐயமே எழாது. மெய்ப்பு முன்னது, நூல் பின்னது. (இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கியவரும் உண்டு. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய டொனால்ட் கனூத், மூன்றாம் பதிப்புக்குப் பின் ஒவ்வொரு திருத்தத்திற்கும் 'பை' என்னும் கணித எண்ணின் ஓர் இலக்கத்தை மட்டுமே கூட்டிவருகிறார். 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் அது 'பை' என்றே நின்றுவிட வேண்டும் என்பதும் அவர் விருப்பம். அவருடைய பொறுமை நமக்கு ஏது?)

நான் அந்நாளில் பணியாற்றிய சிறு நிறுவனம் பள்ளி நூலகங்களுக்கென இரவல் பதிவேட்டு மென்பொருள் ஒன்றைச் செய்து தந்தது. பதினொரு பள்ளிகள் அதைப் பயன்படுத்தின. 2018 ஜூலையில் 1.4ஆர்சி2 என்னும் சோதனைப் பதிப்பை நான்கு பள்ளிகள் மட்டும் விரும்பி ஏற்றன. ஆகஸ்டில் 1.4 வெளிவந்தது. எங்கள் பேரேட்டின்படி எல்லாம் முடிந்தது.

அக்டோபரில், பேராக் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் நூலகப் பொறுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவ்வாண்டு இறுதியில் ஓய்வுபெற இருந்தவர். ஓய்வுக்குமுன் நூலக இருப்பைக் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். கணினி பன்னிரண்டு நூல்கள் 'இல்லை' என்றது. தலைமையாசிரியர் எழுத்து விளக்கம் கேட்டிருந்தார். அந்த ஆசிரியை இதற்குமுன் இருமுறை எங்கள் உதவிப் பிரிவை அழைத்திருக்கிறார். இருமுறையும், "உங்களிடம் இருப்பதே புதிய பதிப்பு; நூல்களைப் பதிவு செய்ததில் தவறு இருக்கலாம்" என்ற விடையே கிடைத்திருக்கிறது. உதவிப் பிரிவினரைக் குறைகூற இயலாது. அவர்கள் அக்கணினியைத் தொலைவிலிருந்து கேட்டார்கள். அது, 'ஏற்கெனவே புதிய பதிப்பு நிறுவப்பட்டுள்ளது' என்று கூசாமல் சொன்னது.

"தம்பி, உங்கள் கணினி இல்லை என்கிறது. நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்" என்றார் அவர்.

"எத்தனை நூல்கள், டீச்சர்?"

"பன்னிரண்டு. பட்டியல் போட்டுப் பார்த்தேன். பத்து நூல்களின் பெயரில் இரண்டாம் எழுத்து ஒற்று. அக்கா என்று தொடங்குவதைத் தேடினால் கிடைக்கவில்லை. அகம் என்று தொடங்குவது கிடைக்கிறது. இதில் ஏதோ இருக்கிறது, பாருங்கள்."

எங்கள் பொறியாளர் ஒருவர்க்கும் தோன்றாத நோய்க்குறி ஒன்றை, கணினியைத் திறந்தும் பாராத ஒருவர் கண்டு சொல்லிவிட்டார். தமிழ் அகராதியில் 'அக்கா' முன்னும் 'அகம்' பின்னும் வரும். ஒற்றெழுத்து உயிர்மெய்க்கு முற்பட்டது. ஆனால் யூனிகோடு அட்டவணையில் புள்ளிக்குரிய இடம் மெய்யெழுத்துகளுக்கும் கால், கொம்பு முதலிய குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அட்டவணை எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னுமாக மாறிப்போகும். சோதனைப் பதிப்பில் நூற்பட்டியல் அட்டவணை எண்ணின்படி அடுக்கப்பட்டிருந்தது. தேடும் பகுதியோ அகராதி வரிசை என்று கருதித் தேடியது. இருக்கும் இடத்தை விட்டு இல்லாத இடத்தில் தேடி, 'இல்லை' என்று தீர்ப்பளித்தது.

இப்பிழை ஆகஸ்டிலேயே கண்டறியப்பட்டு 1.4இல் திருத்தப்பட்டது. ஏழு பள்ளிகளில் அத்திருத்தம் சென்று சேர்ந்தது. முன்வந்து சோதனைக்கு உதவிய நான்கு பள்ளிகளில் மட்டும் சேரவில்லை. உதவியவர்க்கே உபத்திரவம் வந்தது எப்படி என்று பார்க்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய நேரங்களில் நிரலைப் புரட்டுவதைவிடப் பொதி மேலாளரையே கேட்டுவிடுவது நன்று. அப்பள்ளிகளின் கணினிகள் டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் இயங்கின. டெபியனில் இரண்டு எண்களைக் கொடுத்து எது பெரிது என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். 1.4ஆர்சி2 தான் 1.4ஐவிடப் பெரிது என்று விடை வந்தது.

அதன் நியாயம் நம் அகராதியின் நியாயமே. 'கல்' என்பதும் 'கல்வி' என்பதும் வந்தால் எதை முன் வைப்போம்? ஒத்த எழுத்துகள் முடிந்தபின் ஒன்றில் ஏதும் இல்லை, மற்றதில் இன்னும் இருக்கிறது. ஏதும் இல்லாதது முன்னது, இருப்பது பின்னது. பொதி மேலாளர்க்கு 1.4 என்பது 'கல்', 1.4ஆர்சி2 என்பது 'கல்வி'. வால் நீண்டது பின் வரும். பின் வருவது புதியது. ஆகவே களஞ்சியத்தில் 1.4 வந்து காத்திருந்தும், பழைய சரக்கு என்று அது தள்ளிவிட்டது. காவல்காரன் கடமையைச் செய்தான். வீட்டுக்காரர் வெளியே நின்றார்.

அப்படியாயின் 1.4ஆர்சி2 என்று பெயரிட்டவர் அறியாதவரா? அதுவும் இல்லை. அம்மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் உலகின் விதியின்படி 1.4ஆர்சி2 என்பது 1.4க்கு முற்பட்டதே; ஆர், சி என்னும் எழுத்துகளின் பொருளை அவ்விதி அறியும். எழுதியவர் தம் ஊர் வழக்கப்படி சரியாகவே பெயரிட்டார். பொதி கட்டும் கட்டளைக் கோவை அப்பெயரை அப்படியே எடுத்து டெபியன் பொதியின் முகப்பில் ஒட்டிவிட்டது. 3/4 என்று நாள் குறித்தால் மலேசியாவில் ஏப்ரல் மூன்று. அமெரிக்காவில் மார்ச் நான்கு. எழுதியவரும் படித்தவரும் தத்தம் முறையில் சரி, விருந்துதான் தவறிப்போகும்.

டெபியனில் இதற்குரிய மருந்து ஒரு நெளிகோடு. விசைப்பலகையின் இடப்புற மேல்மூலையில், பலர் வாழ்நாளில் தொட்டறியாத டில்டே என்னும் குறி. 1.4~ஆர்சி2 என்று எழுதிவிட்டால் அது 1.4க்கு முற்பட்டதாகிவிடும். அவ்விதியின்படி டில்டே எல்லா எழுத்துக்கும் முற்பட்டது, வெறுமைக்கும் முற்பட்டது. அதாவது, ஒன்றும் இல்லாமல் முடிந்துபோவதைக் காட்டிலும் டில்டே இருப்பது சிறிது. 1.0~~ என்பது 1.0~ என்பதற்கு முன், 1.0~ என்பது 1.0க்கு முன், 1.0க்குப் பின்னரே 1.0ஏ. குறி கூடக்கூட மதிப்பு குறைகிறது.

இதை முதன்முதலில் கேட்கும் இளம் பொறியாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்பார்கள். தமிழ் படித்தவன் அவ்வாறு கேட்கமாட்டான். 'க' என்று எழுதினால் ஒரு மாத்திரை. அதன் தலையில் ஒரு புள்ளியைக் கூட்டி 'க்' என்று எழுதினால் அரை மாத்திரை. எழுதும் கைக்கு வேலை மிகுந்தது, ஒலி பாதியாயிற்று. அகராதியிலும் புள்ளி பெற்றது முன்னே சென்று அமர்கிறது. டில்டே என்பது எண்ணுக்கு வைத்த புள்ளி. நான் இவ்வாறு சொல்லிக்கொடுத்த தமிழ் இளைஞர் எவரும் அதை மறந்ததில்லை. சீன, மலாய் நண்பர்க்கு விளக்கத்தான் கரும்பலகை தேவைப்பட்டது.

டில்டேயைக் கற்றுவிட்டால் போதுமா என்றால், போதாது. ஆர்பிஎம் எனப்படும் மற்றொரு பொதி முறை 2012இல்தான், தன் 4.10ஆம் பதிப்பில், டில்டேயை ஏற்றது. அதற்குமுன் அவ்வழியினர், பதிப்பெண்ணை 1.4 என்றே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலுள்ள வெளியீட்டெண்ணை 0.1.ஆர்சி2 என்று சுழியத்தில் தொடங்குவர். இறுதி வெளியீடு வரும்போது அது 1 ஆகும். சுற்றுவழிதான், ஆனால் தவறாத வழி. வேறு பலர் பின்பற்றும் 'செமான்டிக் வெர்ஷனிங்' முறையில் சிறுகோடு இட்டு 1.4.0-ஆர்சி.2 என்று எழுதுவர். அங்கே சிறுகோடு முன்வெளியீட்டைக் குறிக்கும். அதே சிறுகோட்டை டெபியனில் இட்டால், மூலப் பதிப்பையும் பொதி கட்டியவரின் திருத்த எண்ணையும் பிரிக்கும் கோடாக அது படிக்கப்படும். ஆர்பிஎம்மிலோ பதிப்பெண்ணுக்குள் சிறுகோடு இருந்தால் பொதியே கட்டப்படாமல் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது என்பேன். ஓடிக்கொண்டே தவறிழைப்பதுதான் கொடிது.

இன்னொரு நுட்பம். செமான்டிக் முறையில் ஆர்சி என்பதற்கும் எண்ணுக்கும் இடையே புள்ளி விடாமல் எழுதினால், ஆர்சி10 என்பது ஆர்சி2க்கு முற்பட்டதாகிவிடும். முழுவதையும் எழுத்துக் கோவையாகவே அது படிக்கிறது. புள்ளி வைத்தால்தான் பத்தைப் பத்தென்று படிக்கும். பைத்தானோ, 1.4-ஆர்சி.2 என்று எழுதினாலும் சிறுகோட்டையும் புள்ளியையும் களைந்து 1.4ஆர்சி2 என்று தானே திருத்திக்கொள்ளும். கோப்பின் பெயரும் அவ்வாறே மாறிவிடும். அடுத்த கட்டளை பழைய பெயரில் கோப்பைத் தேடிக் காணாமல் தவிக்கும். இரவு பதினொரு மணிக்கு, 'கோப்பு இல்லை' என்னும் செய்தியைப் பார்த்துக்கொண்டு, கோப்பு கண்முன் இருப்பதையும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்க்கே இதன் அருமை தெரியும்.

நான்கு பள்ளிகளுக்கு இனி என்ன செய்வது என்று பேச அமர்ந்தோம். இளைஞர் ஒருவர் எபோக் இடலாம் என்றார். எண்ணுக்குமுன் '1:' என்று சேர்ப்பது அது. 1:1.4 என்று எழுதினால் பின்னாலிருப்பது எதுவாயினும் முன்னைய எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிடும். வலிய மருந்து. ஆனால் ஒருமுறை இட்டால் பின்னர் எடுக்க முடியாது; எடுத்தால் அடுத்த பதிப்பு சிறியதாகிவிடும். மென்பொருள் வாழும் காலமெல்லாம் அந்தத் தழும்பைச் சுமக்க வேண்டும். போதாக்குறைக்கு, டெபியன் பொதிக் கோப்பின் பெயரில் எபோக் தெரியாது. உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். வேறொருவர், டெபியன் மக்கள் சிலவேளை செய்வதுபோல், 2.0+ரியலி1.5 என்னும் பாணியில் எழுதலாம் என்றார். '2.0 என்று சொல்லிவிட்டோம், உண்மையில் 1.5 தான்' என்று பொருள். நேர்மையான பெயர்தான்; ஆயினும் பள்ளியில் அதைப் பார்ப்பவர்க்கு என்ன விளக்குவது?

எங்களுள் மூத்தவர் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு டெபியனின் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1995இல் குறுந்தட்டு விற்பனையாளர் ஒருவர், முடிவுறாத டெபியன் ஒன்றை 1.0 என்று பெயரிட்டுத் தட்டில் பதித்து விற்றுவிட்டார். அது சரிவர இயங்கும் நிலையில் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், அது உண்மையான 1.0 அன்று என்று திட்டத்தார் அறிவிக்க நேர்ந்தது. குழப்பம் தீர்ப்பதற்கு அவர்கள் செய்தது எளிய செயல். 1.0 என்னும் எண்ணையே விட்டுவிட்டார்கள். 1996 ஜூனில் வெளிவந்த முறையான முதல் பதிப்பு 1.1 என்றே பெயர் பெற்றது. டெபியன் 1.0 என்று ஒன்று இன்றுவரை வெளியிடப்பட்டதே இல்லை.

"எண்ணுக்கு விலை இல்லை, தம்பிகளே. ஒன்றைக் கைவிடுங்கள்" என்றார்.

1.4.1 என்று வெளியிட்டோம். உள்ளே இருந்தது அதே நிரல். ஓர் எழுத்தும் மாறவில்லை. டெபியன் விதியில் எழுத்துகள் யாவும் பிற குறிகளுக்கு முற்பட்டவை, ஆகவே 1.4க்குப் பின் எழுத்து வந்த எண்ணைவிடப் புள்ளி வந்த எண் பெரிது. 1.4ஆர்சி2ஐயும் 1.4ஐயும் ஒருங்கே கடந்து நின்றது 1.4.1. அன்றிரவே நான்கு பள்ளிகளின் கணினிகளும் அதைத் தாமே இழுத்துக்கொண்டன.

மறுநாள் காலையில் ஆசிரியை அழைத்தார். "அக்கா வந்துவிட்டாள், தம்பி" என்றார். பன்னிரண்டு நூல்களும் கிடைத்தன. எஞ்சியிருந்த இரண்டில் ஒற்று மூன்றாம் எழுத்தாக இருந்ததையும் அவரே கண்டு சொன்னார். தலைமையாசிரியர்க்குத் தர வேண்டிய விளக்கத்தை நிறுவனத்தின் பெயரில் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அவர் நவம்பரில் கணக்கை ஒப்படைத்து ஓய்வு பெற்றார்.

அதன்பின் பொதி கட்டும் கட்டளைக் கோவையில் சில மாற்றங்கள் செய்தோம். பைத்தானின் பெயரை எடுத்து டில்டே சேர்த்து டெபியனுக்குத் தரும் ஒரு வரி எழுதப்பட்டது. கிட் என்னும் நிரல் காப்பகத்தில் பதிப்புக் குறியீட்டின் பெயரில் டில்டேக்கு இடமில்லை. ஆகவே அங்கு மட்டும் அதற்கு அடிக்கோடு இட்டோம். பழைய எண்கள் அனைத்தையும் வரிசையாய் எழுதிய ஒரு கோப்பையும் வைத்தோம். புதிய எண் அதன் கடைசியில் சேர்க்கப்படும். பொதி கட்டுமுன் பொதி மேலாளரைக் கொண்டே அடுத்தடுத்த இரண்டிரண்டு எண்களையும் ஒப்பிடச் செய்வோம். எங்காவது முன்னது பெரிதென்று வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

நான் அந்நிறுவனத்தை விட்டு வரும்வரை அது இருமுறை நின்றது. முதன்முறை, பழக்க தோஷத்தில் ஒருவர் டில்டேக்குப் பதில் சிறுகோடு இட்டிருந்தார். இரண்டாம்முறை எவர்க்கும் உடனே காரணம் விளங்கவில்லை. டில்டே இருந்தது, எண்ணும் சரியாக இருந்தது. அரைநாள் சென்றபின் ஒருவர் கண்டுபிடித்தார். பீட்டா என்பதைச் சிற்றெழுத்தில் எழுதிய கை, ஆர்சி என்பதைப் பேரெழுத்தில் எழுதிவிட்டது. அட்டவணையில் ஆங்கிலப் பேரெழுத்துகள் யாவும் சிற்றெழுத்துகளுக்கு முற்பட்டவை.